ஏழாம் எண் படத்தில் இருக்கும் கால்கள்

எஸ்தர்தாலன் பள்ளத்தாக்கு
ஜனவரி மாதம், வியாழக்கிழமை, வெளிச்சம் இருக்கும்போதே

மரியாதைக்குரிய மச்சான் ஸ்டைனார் அவர்களுக்கு,

ஹால்வோர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், கூரை நலம், தண்ணீர்க் குழாய் இதுவரை நலம். அங்கே கடலோரத்தில் நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் மழையில் நனைந்தபடி சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பென்சிலில் எழுதுவதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பேனாவில் மை இறங்க மாட்டேன் என்கிறது. கையுறையைக் கழற்றாமல் எழுதுவதால் எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். என் கைபேசியை எங்கள் கூடத்தில் வைத்தால் தானாகவே அணைந்துபோகிறது. பழைய பேட்டரி, வேறொன்றும் இல்லை. தவிர, இந்த விஷயத்தை வாய்விட்டுச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கை என்னை விட்டுப் போகப் போகிறாள் என்று சந்தேகப்படுகிறேன். போகப்போகிற இடம் அடுத்த வீடு. ஆள் எம்ப்ரிக். ஆதாரம் இந்த வாரப் பத்திரிகையில் வந்திருக்கிறது, கத்தரித்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஏழாம் எண் படத்தைப் பாருங்கள். உட்கார்ந்துகொண்டு பாருங்கள்.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன போட்டியில் ஆரம்பித்தது. இலையுதிர் காலத்தில் எங்கள் வாரப் பத்திரிகை ஒரு புகைப்படப் போட்டி அறிவித்தது. தலைப்பு 'வீட்டின் வெதுவெதுப்பு'. யார் வேண்டுமானாலும் ஒரு படம் அனுப்பலாம், நடுவர்கள் பத்துப் படங்களைப் பொறுக்கியெடுத்து, எடுத்தவர் பெயர் போடாமல் அச்சிடுவார்கள், அப்புறம் வாசகர்கள் ஓட்டுப் போட வேண்டும். முந்திய போட்டியில் ஒரு புண்ணியவான் காலண்டர் படத்தை அனுப்பி மாட்டிக்கொண்டானாம். அதனால் இந்தத் தடவை, படம் தேர்வானாலும் ஆகாவிட்டாலும், அனுப்பிய எல்லார் வீட்டுக்கும் நடுவர்கள் வந்து, படத்தில் இருப்பது நிஜமாகவே இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். அவர்கள் வந்து பார்க்கும் வரை படத்தில் உள்ளதை உள்ளபடியே வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நான் விதியை மதிக்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும்.

வெதுவெதுப்பு என்றதும் மற்றவர்களுக்கு என்ன தோன்றும்? மெழுகுவர்த்தி, போர்வைக்குள் பேரக்குழந்தை, கம்பளத்தில் சுருண்ட நாய்க்குட்டி. இதெல்லாம் விளைவு, மச்சான். காரணம் விறகு. விறகு பற்றி என்னிடம் யாரும் பேச முடியாது. ராக்னாவைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நான் சொன்னதும் உங்கள் அப்பா ஒரு நாள் கிளம்பி வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? என் படிப்பைக் கேட்கவில்லை, வேலையைக் கேட்கவில்லை. நேரே கொட்டகைக்குப் பின்னால் போய் என் விறகடுக்கைப் பார்த்தார். இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரலை விட்டுப் பார்த்தார். அடுக்கைத் தோளால் ஓர் இடி இடித்தார். அசையவில்லை. "சரி, இவனை நம்பிப் பொண்ணக் குடுக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் காபி கேட்டார். நீங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள். இந்தப் பள்ளத்தாக்கில் ஓர் ஆணின் ஜாதகம் அவன் கொட்டகைக்குப் பின்னால்தான் இருக்கிறது.

ஆகவே நான் விறகைப் படம் எடுக்க முடிவு செய்தேன். வெறும் அடுக்கு இல்லை. பிர்ச் மரத்தை வெட்டினால் முனை வெளுப்பாக இருக்கும், ஆல்டர் மரத்தை வெட்டினால் முனை சிவந்துபோகும். இந்த இரண்டையும் கலந்து, கொட்டகைச் சுவர் நீளத்துக்கு, கட்டை முனைகளாலேயே ஓர் அடுப்பை வரைந்தேன். அடுப்பின் வாயில் தீ, தீக்கு மேலே கெட்டில். கெட்டிலின் மூக்குக்காகக் காடெல்லாம் அலைந்து வளைந்த கட்டை ஒன்றைத் தேடிப் பிடித்தேன். தீயின் சிவப்பு மங்கிவிடக் கூடாதென்று ஒவ்வொரு முனைக்கும் தூரிகையால் ஆளிவிதை எண்ணெய் தடவினேன். பள்ளிக்கூடப் பேருந்து நின்று பார்த்துவிட்டுப் போனது. அவ்வளவு அழகு. படம் எடுத்து அனுப்பினேன். அன்றிலிருந்து வீட்டில் ஒரே ஒரு கட்டுப்பாடு போட்டேன்: நடுவர்கள் வந்து போகும் வரை அடுக்கில் யாரும் கை வைக்கக் கூடாது. ஒரு கட்டையை உருவினால் தீயில் ஓட்டை விழுந்துவிடும்.

குளிரவில்லையா என்று கேட்பீர்கள். பழைய வேலிக் குச்சிகளும் சுள்ளியும் இருக்கின்றன, மாலையில் கொஞ்ச நேரம் மூட்டுவோம். கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டால் உள்ளே நன்றாகவே இருக்கலாம். கூடத்து வாளியில் தண்ணீர் உறைந்தது உண்மைதான், ஆனால் மேலே மட்டும்தான் உறைந்தது. மின்சாரச் சூடேற்றியைப் போட்டுக்கொள்ளலாமா என்று உங்கள் தங்கை கேட்டாள். இத்தனை விறகு அடுக்கி வைத்திருப்பவன் மின்சாரத்தில் குளிர்காய்ந்தால் ஊர் சிரிக்காதா? பிறகு அவள் கேட்டதை உங்களிடம் சொல்லவே கூசுகிறது.

"பெட்ரோல் பங்க்ல மூட்ட விறகு விக்கிறான்ல, அதுலயாச்சும் ரெண்டு வாங்கிட்டு வாயேன்."

என்னைப் போய் மூட்டை விறகு வாங்கச் சொல்கிறாள், மச்சான்! பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க! அடுக்கத் தெரியாதவனும் பட்டணத்தில் இருந்து பனிச்சறுக்குக்கு வருகிறவனும் வாங்குகிற சரக்கு அது. அவள் விடவில்லை.

"வெளிய அடுப்ப வரஞ்சு வச்சுட்டு உள்ள அடுப்ப அணைச்சு வச்சிருக்கியே ஹால்வோர், ஒனக்கே நல்லாருக்கா?"

"நடுவருங்க வந்துட்டுப் போற வரைக்கும்தான்."

"எப்ப வர்றாங்க?"

"பிப்ரவரி கடசியில."

"அதுவரைக்கும் நான் இருப்பேனா?"

இந்த வாக்கியத்தைக் கவனியுங்கள். அப்போது உடம்புக்கு ஏதோ முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இப்போதுதான் புரிகிறது, அது ஒரு முன்னறிவிப்பு.

முதலில் பூனை போயிற்று. எங்கள் மோன்ஸ் பன்னிரண்டு வருடமாக என் நாற்காலியில் படுத்துக் கிடந்த பூனை. டிசம்பரில் ஒரு நாள் எழுந்தது, என்னை ஒரு பார்வை பார்த்தது, எம்ப்ரிக் வீட்டுப் பக்கம் நடந்தது. திரும்பவே இல்லை. மீன் வைத்து மயக்கியிருப்பான் என்று நினைத்தேன். அடுத்து ஜன்னலில் இருந்த ஜெரேனியம் தொட்டிகள் போயின. "செடி கருகிப்போவுது, எம்ப்ரிக் வீட்ல வச்சுக்கறேன்னாரு" என்றாள். செடிக்காக என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு காலையில் ரொட்டி மாவுப் பாத்திரத்தைத் துணியால் மூடி இடுப்பில் இடுக்கிக்கொண்டு உங்கள் தங்கை வாசலைத் தாண்டுகிறாள். எங்கே என்றேன். "மாவு ராத்திரிலேருந்து பொங்கவே இல்ல. பொங்குற எடத்துக்குக் கொண்டு போறேன்" என்றாள். கல்யாணமான ஒரு பெண்ணின் மாவு அடுத்த வீட்டில்தான் பொங்கும் என்றால், புருஷன் என்னவென்று எடுத்துக்கொள்வது?

எம்ப்ரிக்கைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். பனி அள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன், மனைவியை இழந்தவன், தனி ஆள். ஆளைப் பார்த்தால் சாது. ஆனால் அவன் விறகைப் பார்க்க வேண்டும். அடுக்குவதே கிடையாது. வண்டியில் கொண்டுவந்து முற்றத்தில் கொட்டுவான், கொட்டின இடத்திலிருந்து எடுத்து எரிப்பான். பட்டை மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்ற கவலையெல்லாம் அவனுக்கு இல்லை. அதுவும் பிர்ச் இல்லை, வெறும் ஸ்ப்ரூஸ். பிசினும் பொறியுமாக வெடிக்கிற மரம். இந்த ஊரில் ஸ்ப்ரூஸைக் கூச்சமில்லாமல் எரிக்கிற ஒரே மனிதன் அவன்தான். இந்தக் குளிர்காலம் முழுக்க அவன் வீட்டுப் புகைபோக்கி மட்டும் காலையிலிருந்து மாலை வரை ஓயாமல் புகைகிறது. தனி ஆளுக்கு எதற்கு அவ்வளவு சூடு? யாருக்காக எரிக்கிறான்? இப்படித்தான் என் சந்தேகம் வளர்ந்தது.

ஜனவரி பிறந்ததும் உங்கள் தங்கை தேவாலயப் பாட்டுக் குழுவில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். ஈஸ்டருக்கு இப்போதே ஒத்திகையாம். தினமும் ஒத்திகையாம். காலால் உந்தித் தள்ளுகிற சறுக்குவண்டியில் போவாள், சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்புவாள். கன்னம் இரண்டும் ரோஜாவாகச் சிவந்திருக்கும். பாடினால் கன்னம் சிவக்குமா? சரி, சிவக்கட்டும் என்று இருந்தேன். ஒரு நாள் அவள் ஸ்வெட்டரைக் கொடியில் போட்டாள், நான் முகர்ந்து பார்த்தேன். மனைவியின் ஸ்வெட்டரை முகர்ந்து பார்க்கிற நிலைக்கு வந்துவிட்டேன் என்று நீங்கள் சிரிக்க வேண்டாம். அதில் ஸ்ப்ரூஸ் புகை வாசனை. தேவாலயத்தில் எண்ணெய்ச் சூடேற்றி. எங்கள் வீட்டில் வேலிக் குச்சி. ஸ்ப்ரூஸ் எங்கிருந்து வரும்? மறுநாள் சறுக்குவண்டித் தடத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். புதுப்பனியில் கோடு கிழித்ததுபோல் இரண்டு தடம். பின்கதவில் தொடங்கி, தேவாலயத் திசைக்கு நேர் எதிராகத் திரும்பி, எம்ப்ரிக்கின் படிக்கட்டில் போய் முடிந்தது.

நான் அவசரப்படுகிற ஆள் இல்லை. மறுநாள் எல்லைப் பக்கம் பனி அள்ளுகிற சாக்கில் நின்றேன். அவனே வெளியே வந்தான். இத்தனை வருடத்தில் பனியையும் சாலையையும் தவிர எங்களுக்குள் வேறு பேச்சு இருந்ததில்லை.

"என்னய்யா, மூக்கெல்லாம் நீலம் பூத்துருக்கு? உள்ள வா. காபி போட்ருக்கேன்."

இத்தனை வருடமாக எதிரே பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிற மனிதன் திடீரென்று காபிக்குக் கூப்பிடுகிறான். குற்றமுள்ள நெஞ்சு இல்லாவிட்டால் நார்வேக்காரன் எவனாவது ஒருவனை இப்படி வீட்டுக்குள் கூப்பிடுவானா?

"வேணாம். எனக்கு வீட்லயே இருக்கு."

"ராக்னா சொல்லிட்டே இருக்கா, அந்த ஆளு குளுர்ல வெறச்சே சாவப் போறாருன்னு. கூச்சப்படாம வா."

என் முகத்துக்கு நேரே என் மனைவியின் பெயரைச் சொல்கிறான், மச்சான். தயக்கம் இல்லை, தடுமாற்றம் இல்லை. அவள் 'சொல்லிட்டே இருக்கா'வாம். நான் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன். அங்கேயே நின்றிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை பத்திரிகை வந்தது. தேர்ந்தெடுத்த பத்துப் படங்கள். ஆவலோடு பிரித்தேன். என் அடுப்பு இல்லை. மறுபடி முதலிலிருந்து புரட்டினேன், இல்லவே இல்லை. அந்த இடிவிழுந்த நேரத்தில்தான் ஏழாம் எண் படம் கண்ணில் பட்டது. ஓர் இரும்பு அடுப்பு, கதவு திறந்திருக்கிறது, உள்ளே தீ. பக்கத்தில் முக்காலியில் காபிக் கோப்பையும் தட்டு நிறைய வாஃபிளும். நடுவே, தீயை நோக்கி நீட்டிய இரண்டு கால்கள். சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை, குதிகாலில் பச்சை நூல் ஒட்டு. தலைப்பு 'அப்பாடா!' என்று போட்டிருக்கிறது. அந்தப் பச்சை ஒட்டு போன வருடம் என் கண் முன்னால் என் நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் தங்கை போட்டது. அடுப்பின் கதவில் ஒரு கொம்பு உடைந்த கலைமான் பொறித்திருக்கிறது. அந்த அடுப்பு எம்ப்ரிக்கின் மாமனார் வீட்டிலிருந்து வந்தது, வண்டியிலிருந்து இறக்கும்போதுதான் கொம்பு உடைந்தது, அப்போது நான்தான் ஒரு பக்கம் பிடித்திருந்தேன். காலுறை தெரியும், அடுப்பு தெரியும், இனி என்ன மிச்சம்? ஊரெல்லாம் உட்கார்ந்து என் மனைவியின் காலுக்கு ஓட்டுப் போடப் போகிறது.

அன்று மதியம் யோரூன் வந்தாள். புகைபோக்கி சுத்தம் செய்கிறவள், இந்தப் போட்டியின் நடுவர்களில் ஒருத்தி. ஏணியில் ஏறும் முன்பே பிடித்துக்கொண்டேன்.

"என் படம் ஏன் பத்துல வரல?"

"நல்ல அடுக்குதான், நான் இல்லங்கல. ஆனா போட்டி வெதுவெதுப்புக்கு. ஒன் படத்தப் பாத்து எங்க மூணு பேருக்கும் குளுருச்சு."

"அந்த ஏழாம் நம்பர யாரு எடுத்தது?"

"பேரு சொல்லக் கூடாது. ஆனா எந்தப் பக்கத்துலேருந்து எடுத்துருக்குன்னு பாத்தியா? நல்லாப் பாரு."

நல்லாப் பார்த்தேன். மேலேயிருந்து, மடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறது. அதாவது, எடுத்தவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று, உங்கள் தங்கையின் தோளுக்கு மேலே குனிந்து எடுத்திருக்கிறான். தோளுக்கு மேலே! யோரூனிடம் இதைச் சொன்னேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு ஏணியில் ஏறினாள். இறங்கி வந்து, "ஒன் புகைபோக்கியில கரியே இல்ல. இந்த வருஷம் ஊர்ல நெறய வீட்ல இப்பிடித்தான்" என்றாள். நன்றி சொன்னேன். "ஹால்வோர், அது பாராட்டு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். இவளும் எம்ப்ரிக்கும் தூரத்து உறவு என்று கேள்வி. நடுவர் குழுவையே வளைத்துப் போட்டிருக்கிறான்.

நேற்றுச் சாப்பாட்டு மேஜையில் பத்திரிகையை விரித்து உங்கள் தங்கையின் முன்னால் வைத்தேன். அவள் கோட்டும் தொப்பியும் கழுத்துத்துணியுமாக உட்கார்ந்து உருளைக்கிழங்கை ஊதாமலேயே தின்றுகொண்டிருந்தாள்.

"இந்தக் காலுறை யாருது?"

"என்னோடது."

"காலு?"

"அதுக்குள்ள இருந்தா அதுவும் என்னோடதுதான்."

"அடுப்பு?"

"எம்ப்ரிக்கோடது."

மறுக்கவில்லை, மச்சான்! மழுப்பவும் இல்லை. ஒரு பொய்யாவது சொல்லியிருந்தால் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

"பாட்டுக் குழு?"

"சில நாள் பாடுவோம்."

"ராக்னா, எங்கிட்டச் சொல்லு. என்ன நடக்குது?"

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "வர்ற புதன்கிழம நான் போறேன், ஹால்வோர். சூடா இருக்கிற எடத்துக்கு. பனி உருகினதும் பாக்கலாம்" என்றாள். சொல்லிவிட்டு மேலே போய்ப் பெட்டி கட்டத் தொடங்கினாள். படுக்கையறையில் இப்போது பெட்டி திறந்து கிடக்கிறது. ஆட்டுத்தோல் விரிப்பு, பின்னல் கூடை, நீங்கள் அவளுடைய அறுபதாவது பிறந்தநாளுக்குக் கொடுத்த நல்ல பாவாடை எல்லாம் எடுத்து வைத்துவிட்டாள். அடுத்த வீட்டுக்குப் போவதற்கு நல்ல பாவாடை எதற்கு? நான் அழவில்லை. இந்தக் கூடத்தில் அழுதால் இமை ஒட்டிக்கொள்கிறது. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் இல்லாத இந்த வீட்டை நினைத்துப் பார்க்கிறேன், என்னால் முடியவில்லை. சண்டை போடவாவது ஆள் வேண்டாமா?

ஆகவே, நீங்கள் உடனே ரயில் ஏறி வர வேண்டும். நீங்கள் மூத்தவர். உங்கள் சொல்லை அவள் தட்ட மாட்டாள். இரண்டு பேருடைய விறகையும் உங்கள் கண்ணால் பாருங்கள். அப்பா செய்ததுபோல் தோளால் இடித்துப் பாருங்கள். எம்ப்ரிக்கின் குவியலை இடிக்கத் தேவையே இல்லை, அது ஏற்கெனவே விழுந்துதான் கிடக்கிறது. அப்புறம் உங்கள் தங்கையிடம் கேளுங்கள்: எப்படிப்பட்ட ஆளை விட்டு எப்படிப்பட்ட ஆளிடம் போகிறாய் என்று. உங்கள் வீட்டம்மாவுக்கு என் அன்பு. உங்கள் மூட்டுவலி தணியட்டும், படகின் அடிப்பலகை இந்த வருடமாவது ஒழுகாமல் இருக்கட்டும், உங்கள் குடும்பத்தில் எல்லாரும் அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
நம்பிக்கை குறைந்துவரும் உங்கள் மைத்துனன்,
ஹால்வோர்

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை. எங்கள் ஊருக்குத் தபால் இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான், அதனால் கடிதம் இங்கேயே கிடந்தது. அதற்குள் விஷயம் கொஞ்சம் மாறிவிட்டது.

இன்று காலை அவள் சறுக்குவண்டியை எடுத்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று பின்னாலேயே போனேன். எம்ப்ரிக்கின் கதவைத் தட்டாமல் தள்ளிக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்து, "ராக்னா!" என்று கத்தினேன். பதிலுக்கு ஐந்தாறு பெண்கள் ஒரே குரலில் "பூட்ஸக் கழட்டுய்யா!" என்று கத்தினார்கள். கழற்றினேன்.

அடுப்பைச் சுற்றி அரைவட்டமாக நாற்காலிகள். மர ஆலை ட்ரோண்டின் மனைவி, தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவரின் மனைவி, தபால்காரரின் மனைவி, இன்னும் இரண்டு பேர், நடுவே ராக்னா. எல்லாரும் காலை நீட்டிக்கொண்டு பின்னிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் முழுக்க எங்கள் வீட்டிலிருந்தும் மற்ற வீடுகளிலிருந்தும் வந்த செடிகள். எம்ப்ரிக் சமையலறையில் வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தான், பாவம், அவனுக்கு உட்கார நாற்காலி இல்லை. ட்ரோண்ட் தன் விறகைத் திமிங்கில வடிவத்தில் அடுக்கி, அதன் வாலைத் தொட்டால் விவாகரத்துதான் என்று வீட்டில் சொல்லியிருக்கிறாராம். ஆர்கன்காரர் கோபுரத்தோடு தேவாலயமே கட்டி வைத்திருக்கிறாராம். ஊரில் உள்ள அத்தனை ஆண்களும் போட்டிக்கு விறகை அனுப்பிவிட்டு நடுவர்களுக்காகக் காத்திருக்கிறோம். அடுக்கத் தெரியாத ஒரே ஆள் வீட்டில்தான் அடுப்பு எரிகிறது. அந்தப் படத்தைத் தன் மடியில் கைபேசியை வைத்துக்கொண்டு ராக்னாவே எடுத்தாளாம். தன் காலைத் தானே எடுத்தால் அந்தப் பக்கத்திலிருந்துதான் விழுமாம். எல்லாரும் சிரித்தார்கள். எம்ப்ரிக் மட்டும் சிரிக்கவில்லை, எனக்கு ஒரு வாஃபிள் கொண்டுவந்து கொடுத்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா ராக்னா?" என்று கேட்டேன்.

"சொன்னேனே. அக்டோபர்லேருந்து சொல்லிட்டுதான இருக்கேன், குளுருது குளுருதுன்னு. நீ ஒவ்வொரு தடவையும் எங்கிட்ட விறகப் பத்தியே பேசுன."

கையிலிருந்த வாஃபிளைத் தின்றேன், மச்சான்.

புதன்கிழமை அவள் போகவிருந்தது எம்ப்ரிக் வீட்டுக்கு இல்லை, உங்கள் வீட்டுக்கு என்பதும் அங்கேதான் தெரிந்தது. ரயில் சீட்டு எடுத்தாயிற்று, நீங்கள் மாடி அறையில் கட்டில் போட்டுத் திரை மாட்டித் தயாராக வைத்திருக்கிறீர்கள் என்றும், ஒரு வாரமாக இரண்டு பேரும் தினமும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்றும் சொன்னாள். மேலே நான் யார் மேல் சந்தேகப்பட்டிருக்க வேண்டுமோ அவரிடமே உதவி கேட்டு எழுதியிருக்கிறேன். உங்களிடம் நான் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்து கொட்டகைக்குப் பின்னால் போனேன். தீயின் நட்ட நடுவிலிருந்து ஒரு கட்டையை உருவினேன். மீதி தானாகவே சரிந்து என் காலடியில் கொட்டியது. எண்ணெய் தடவிய கட்டை எப்படிப் பற்றிக்கொள்கிறது தெரியுமா! சாப்பாட்டு நேரத்தில் ராக்னா வந்தாள். வாசலிலேயே நின்றாள். அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து, முதலில் கழுத்துத்துணியை அவிழ்த்தாள், அப்புறம் தொப்பியைக் கழற்றினாள்.

"என்ன அப்பிடிப் பாக்குற?"

"ஒண்ணுமில்ல. ஒன் தலமுடியப் பாத்து ரொம்ப நாளாச்சு."

இரண்டு கைகளையும் தீயை நோக்கி நீட்டிக்கொண்டாள். அப்புறம், "இன்னும் ரெண்டு கட்ட போடு, ஹால்வோர். கோட்டையும் கழட்டுறேன்" என்றாள்.

ஆகவே மச்சான், புதன்கிழமை நீங்கள் ரயில் நிலையத்துக்கு வர வேண்டாம். நீங்களும் இங்கே புறப்பட்டு வர வேண்டாம். குறைந்தது இந்த வாரம் வேண்டாம்.